சுழலும் நிறை புழுத்துளையைத் திறக்குமா?

சுழலும் பொருள் தன்னைச் சுற்றியுள்ள காலவெளியையும் சேர்த்து இழுக்கிறது என்பது செயற்கைக்கோள்களைக் கொண்டு அளந்து உறுதிசெய்யப்பட்ட உண்மை. காலவெளியின் இரு தொலைவிடங்களை இணைக்கும் புழுத்துளை என்ற அமைப்பும் பொதுச் சார்பியலின் சமன்பாடுகளுக்குள் அடங்குகிறது. இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு: பெரும் நிறை ஒன்றை மிக வேகமாகச் சுழற்றிக்கொண்டே போனால், காலவெளி ஒரு கட்டத்தில் திருகித் துளைபட்டு மறுபக்கம் திறந்துகொள்ளாதா? 2022 நவம்பர் இறுதியில் குவாண்டம் கணினி ஒன்றில் புழுத்துளை உருவாக்கப்பட்டதாக வந்த செய்திகளுக்குப் பிறகு, இது ஏதோ ஆய்வகத்தில் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருப்பதைப் போன்ற எண்ணமும் பரவியிருக்கிறது.

கேள்வி நியாயமானது, விடை எதிர்மறையானது. ஆனால் விடைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம், அதாவது நம்மிடம் அவ்வளவு ஆற்றல் இல்லை என்பது, முழு உண்மை அன்று. ஆற்றலின் அளவை எவ்வளவு கூட்டினாலும் நீங்காத தடை ஒன்று இருக்கிறது. அது ஆற்றலின் வகையைப் பற்றியது. அந்த வேறுபாட்டைப் படிப்படியாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அடிப்படைச் சொற்கள்

1. காலவெளி: இடத்தின் மூன்று பரிமாணங்களும் காலமும் சேர்ந்த நான்கு பரிமாண அமைப்பு. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் முன்வைத்த பொதுச் சார்பியலின்படி, ஈர்ப்பு என்று நாம் உணர்வது இந்த அமைப்பின் வளைவையே. வளைவைத் தீர்மானிப்பது நிறை மட்டுமன்று. ஆற்றல், உந்தம், அழுத்தம் ஆகியவையும் கணக்கில் சேரும். ஒரே நிறை கொண்ட இரு கோளங்களில் ஒன்று சுழன்று மற்றொன்று அசையாமல் இருந்தால், அவற்றைச் சுற்றியுள்ள காலவெளி ஒரே மாதிரி இராது என்பதற்கு இதுவே காரணம்.

2. புழுத்துளை: காலவெளியின் இரு பகுதிகளைக் குறுக்கே இணைக்கும் வழி. அதன் இரு முனைகளும் வாய்கள் எனப்படும். நடுவே மிகக் குறுகிய இடம் கழுத்து. 1935-இல் ஐன்ஸ்டைனும் நாதன் ரோசனும், பொதுச் சார்பியல் சமன்பாடுகள் சுழலாத நிறைக்குத் தரும் தீர்விலேயே இப்படியொரு இணைப்பு மறைந்திருப்பதைக் காட்டினர். இன்று வழங்கும் பெயர் 1957-இல் சார்லஸ் மிஸ்னரும் ஜான் வீலரும் இட்டது. ஆனால் 1962-இல் ராபர்ட் ஃபுல்லரும் வீலரும் செய்த கணக்கு, அந்த இணைப்பு ஓர் ஒளிக்கதிர் கடந்து முடிப்பதற்குள்ளேயே கழுத்து இறுகி அறுந்துவிடும் என்று காட்டியது.

3. கடக்கத்தக்க புழுத்துளை: கழுத்து மூடிக்கொள்ளாமல், ஒரு பொருள் ஒரு வாயில் நுழைந்து மறுவாயில் வெளியேற இடம் தருவது. 1988-இல் மைக்கேல் மோரிஸும் கிப் தோர்னும் இதற்கான நிபந்தனைகளை வகுத்தனர். செய்திகளில் புழுத்துளை என்று வரும்போது வாசகர் மனத்தில் தோன்றுவது பெரும்பாலும் இவ்வகையே.

4. நிகழ்வெல்லை: கருந்துளையைச் சூழ்ந்துள்ள எல்லை, உள்ளே செல்லலாம், வெளியே வர முடியாது.

சுழற்சி காலவெளியைச் செய்வது என்ன

1918-இல் ஜோசப் லென்ஸ், ஹான்ஸ் தைரிங் என்ற இரு ஆஸ்திரிய ஆய்வாளர்கள், சுழலும் பொருள் தன் அருகே இயங்குபவற்றின் பாதையை மெல்லத் திருப்பும் என்று கணித்தனர். அதே விளைவால், சுழலும் பொருளுக்கு அருகே வைக்கப்பட்ட ஒரு கைரோஸ்கோப்பின் (அச்சின் திசை மாறாமல் வேகமாகச் சுழலும் கருவியின்) அச்சும் தொலைதூர விண்மீன்களை நோக்கி நிலையாக நிற்காமல் மெல்லத் திரும்பும். கைரோஸ்கோப்பை யாரும் தள்ளுவதில்லை. 'சுழலாமல் இருப்பது' எது என்பதற்கான அளவுகோலே அவ்விடத்தில் சிறிது திரும்பிவிடுகிறது. இதுவே சட்டக இழுவை.

புவியின் சுழற்சியால் ஏற்படும் இழுவை எவ்வளவு நுண்ணியது என்பதைப் பார்க்க, கிராவிட்டி புரோப் பி என்ற செயற்கைக்கோள் சோதனை உதவும். 2004 ஏப்ரலில் செலுத்தப்பட்டு, சுமார் 642 கி.மீ. உயரத்தில் துருவங்களின் மேலாகச் சுற்றிய அதனுள், குவார்ட்ஸால் ஆன நான்கு கோளங்கள் திரவ ஹீலியத்தின் குளிரில் சுழன்றன. பொதுச் சார்பியல் அவற்றின் அச்சு ஆண்டுக்கு 39.2 மில்லி வில்விநாடி திரும்பும் என்றது. ஒரு பாகையை 3600 கூறாக்கினால் ஒரு வில்விநாடி. அதை மீண்டும் ஆயிரம் கூறாக்கினால் ஒரு மில்லி வில்விநாடி. இந்த வீதத்தில் அச்சு ஒருமுறை முழுவட்டம் சுற்றிவர ஏறத்தாழ 3.3 கோடி ஆண்டுகள் ஆகும். கோளங்களின் மேற்பரப்பில் எதிர்பாராமல் தேங்கிய மின்புலங்கள் தரவைக் குழப்பியதால் பகுப்பாய்வு ஆண்டுக்கணக்கில் நீண்டு, 2011-இல் வெளியான இறுதி முடிவு 37.2 என்றும் அதன் பிழை வரம்பு 7.2 என்றும் அறிவித்தது. லேகியோஸ் செயற்கைக்கோள்களின் சுற்றுத்தளம் ஆண்டுக்குச் சுமார் 2 மீட்டர் நகர்வதை லேசர் கொண்டு அளந்த இக்னாசியோ சியுஃபோலினி, எரிகோஸ் பாவ்லிஸ் ஆகியோரும் 2004-இல் இதே விளைவைச் சுமார் 10 விழுக்காட்டுத் துல்லியத்தில் உறுதிசெய்திருந்தனர்.

ஆய்வகத்தில் ஒரு சக்கரத்தைச் சுழற்றி இதைப் பெரிதாக்க முடியுமா? தைரிங் கணக்கிட்ட உள்ளீடற்ற கோளக்கூட்டையே எடுத்துக்கொள்வோம். 1 மீட்டர் ஆரமும் 1000 கிலோகிராம் நிறையும் கொண்ட கூடு, நொடிக்கு 1000 சுற்று சுழல்வதாக வைத்துக்கொள்வோம். அதன் விளிம்பு நொடிக்கு 6 கி.மீ.க்கு மேல் விரையும் என்பதால் எந்த உலோகமும் தாங்காமல் சிதறிவிடும், ஆயினும் தாங்குவதாகவே இருக்கட்டும். கூட்டின் நடுவே காலவெளி இழுபடும் வேகம், கூட்டின் சுழல்வேகத்தை ஒன்றுக்குப் பின் 24 பூஜ்யங்கள் இட்ட எண்ணால் வகுத்தால் கிடைப்பது. நடுவில் உள்ள கைரோஸ்கோப் ஒருமுறை முழுதாகத் திரும்ப ஏறத்தாழ 32 லட்சம் கோடி ஆண்டுகள் ஆகும். பேரண்டத்தின் வயது 1380 கோடி ஆண்டுகள்தான்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது எண்ணின் பிரம்மாண்டத்தைவிட அதன் அமைப்பு. வேகத்தை இருமடங்காக்கினால் இழுவையும் இருமடங்காகும், அவ்வளவுதான். இழுவைக்கும் சுழற்சிக்கும் உள்ள விகிதத்தைத் தீர்மானிப்பது, நிறையை ஆரத்தால் வகுத்து வரும் எண், அதாவது பொருள் எவ்வளவு நெருக்கமாகத் திணிக்கப்பட்டிருக்கிறது என்பது. ஆகவே சுழற்சியை மட்டும் கூட்டிக்கொண்டு போவதில் பயனில்லை. பொருள் நியூட்ரான் விண்மீன் அல்லது கருந்துளை அளவுக்குச் செறிந்திருக்க வேண்டும்.

அத்தகைய பொருள்கள் விண்ணில் உண்டு. இதுவரை அறியப்பட்டவற்றுள் மிக வேகமான துடிவிண்மீன்களில் (சீரான துடிப்புகளாகக் கதிர்வீச்சை அனுப்பியபடி சுழலும் நியூட்ரான் விண்மீன்களில்) ஒன்று நொடிக்கு 716 முறை சுழல்கிறது. அதன் ஆரம் 12 கி.மீ. என்று கொண்டால், நடுக்கோட்டுப் பரப்பு ஒளிவேகத்தில் சுமார் 18 விழுக்காட்டு வேகத்தில் ஓடுகிறது. மேற்பரப்பருகே காலவெளி இழுபடும் வேகம் விண்மீனின் சுழல்வேகத்தில் பத்தில் ஒரு பங்கை எட்டும். அங்கே சட்டக இழுவை நுண்கருவி தேடிக் கண்டுபிடிக்கும் திருத்தமாக இல்லை. இயக்கத்தையே மாற்றும் முதன்மை விளைவாகிவிட்டது. அப்படியிருந்தும் அங்கே புழுத்துளை எதற்கும் அறிகுறி இல்லை. அதன் காலவெளி பெரிதும் திருகியிருக்கிறதே தவிர, வேறோர் இடத்தோடு இணையவில்லை.

சுழற்சிக்கு ஓர் உச்சவரம்பு

கருந்துளைக்கு வருவோம். 1963-இல் நியூசிலாந்துக் கணிதவியலாளர் ராய் கெர், சுழலும் கருந்துளையின் துல்லியமான தீர்வைக் கண்டறிந்தார். அத்தீர்வின்படி, குறிப்பிட்ட நிறையுள்ள ஒரு கருந்துளை தாங்கக்கூடிய கோண உந்தத்துக்கு, அதாவது சுழற்சியின் மொத்த அளவுக்கு, உச்சவரம்பு உண்டு; நிறையின் இருமடியை ஈர்ப்பு மாறிலியால் பெருக்கி ஒளிவேகத்தால் வகுத்தால் அந்த வரம்பு வரும். அதைத் தாண்டினால் நிகழ்வெல்லையே இல்லாமல், உள்ளிருக்கும் ஒருமை, அதாவது வளைவு எல்லையின்றிப் பெருகிச் சமன்பாடுகள் செயலிழக்கும் இடம், வெளியே தெரிய வேண்டிவரும்.

வரம்பைத் தாண்டுவது மிகக் கடினம் என்று முதலில் தோன்றும். உண்மையில் நாம் காலூன்றி நிற்கும் புவியே அதைச் சுமார் 700 மடங்கு தாண்டியிருக்கிறது. ஒரு நாளைக்கு ஒருமுறை மட்டுமே சுழலும் புவியின் கோண உந்தம், அதன் நிறைக்கு உரிய கருந்துளை வரம்பைவிட அத்தனை மடங்கு அதிகம். சூரியனோ வரம்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கோடு நிற்கிறது. இது முரண்பாடு போலத் தோன்றினாலும் இல்லை. வரம்பு கருந்துளைக்கு உரியது, பரந்து கிடக்கும் பொருளுக்கு உரியதன்று. ஆனால் புவியை 9 மில்லிமீட்டர் ஆரத்துக்கு நெருக்கிக் கருந்துளையாக மாற்ற முயன்றால், நெருங்க நெருங்கச் சுழற்சி வேகமாகி, வெளிநோக்கித் தள்ளும் போக்கு வலுத்து, கோண உந்தத்தின் பெரும்பகுதியை உதறாமல் மேலும் சுருங்க முடியாத நிலை வந்துவிடும்.

சுழலும் எந்திரத்தால் புழுத்துளை என்ற கருத்தின் முதல் சிக்கல் இங்கேதான். காலவெளியைப் பெரிதும் திருக, பொருள் செறிந்திருக்க வேண்டும். வேகமான சுழற்சியோ செறிவதைத் தடுக்கிறது. இயற்கையில் கருந்துளைகள் வரம்பை நெருங்குவது உண்டு. சுற்றியுள்ள வாயுவை விழுங்கி வளரும் கருந்துளை வரம்பில் 99.8 விழுக்காடு வரை போகலாம் என்று 1974-இல் தோர்ன் கணக்கிட்டார். ஈர்ப்பலையாக முதன்முதலில் பதிவான 2015 செப்டம்பர் இணைவில் பிறந்த, சூரியனைப்போல் 62 மடங்கு நிறையுள்ள கருந்துளையின் சுழற்சி வரம்பில் சுமார் 67 விழுக்காடு. உச்சத்தில் நிற்கும் கருந்துளைக்குள் மேலும் சுழற்சியூட்டும் துகளை எறிந்து வரம்பை உடைக்க முடியுமா என்று 1974-இல் ராபர்ட் வால்ட் ஆராய்ந்தபோது, வரம்பை உடைக்கும் அளவுக்குக் கோண உந்தம் கொண்ட துகள் உள்ளே விழாமல் விலகிச் செல்வதே விடையாகக் கிடைத்தது.

கெர் தீர்வுக்குள் தெரியும் கதவு

சுழலும் நிறைக்கும் புழுத்துளைக்கும் இடையே இவ்வளவு பேச்சு எழுவதற்கு அடிப்படை கெர் தீர்வின் உட்பகுதிதான். சுழலாத கருந்துளையில் ஒருமை ஒரு முடிவுக்கணம்; உள்ளே விழுந்தவர் அதைத் தவிர்க்கவே முடியாது. சுழலும் கருந்துளையிலோ ஒருமை ஒரு வளையமாகிறது. விழுபவர் முயன்றால் அவ்வளையத்தைத் தொடாமல் அதன் நடுவே புகுந்து, சமன்பாடுகள் காட்டும் மற்றொரு வெளிக்குப் போகலாம். தாளில் எழுதிய தீர்வை நீட்டிக்கொண்டே போனால், வேறு பேரண்டங்களை அடுக்கடுக்காக இணைக்கும் வரைபடம் கிடைக்கிறது. சுழற்சி புழுத்துளையைத் தருகிறது என்ற கூற்றுக்கு இதைவிட வலுவான சான்று இல்லை; எனவே அது ஏன் நில்லாது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

1. அந்த வழி நிகழ்வெல்லைக்கு உள்ளே இருக்கிறது. புகுந்தவர் புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப வழியில்லை. மறுபக்கம் என்று ஒன்று இருந்தாலும், அங்கிருந்து செய்திகூட வாராது.

2. கெர் தீர்வில் நிகழ்வெல்லைக்குள் மற்றோர் உள்ளெல்லை உண்டு. அதை நெருங்குபவருக்கு, வெளியுலகின் எஞ்சிய வரலாறு முழுவதும் வரம்புள்ள சிறுபொழுதுக்குள் வந்து சேர்கிறது. வெளியிலிருந்து பின்தொடரும் ஒளி ஒவ்வொன்றும் அதிர்வெண் மிகுந்து, ஆற்றல் எல்லையின்றிப் பெருகுகிறது. இந்த ஆபத்தை 1968-இல் ரோஜர் பென்ரோஸ் சுட்டிக்காட்டினார். 1990-இல் எரிக் புவாசோனும் வெர்னர் இஸ்ரேலும், உள்ளே பாயும் கதிர்களும் வெளிநோக்கிச் சிதறும் கதிர்களும் மோதும்போது அவ்விடத்தின் நிறை அளவே கட்டின்றி ஊதிப்பெருகும் என்று கணக்கிட்டனர். நேர்த்தியான கெர் உள்ளெல்லை, உள்ளே ஒரு சிறு கலக்கம் ஏற்பட்டாலும் குலைந்துபோகும். உண்மையான எந்தக் கருந்துளையும் கலக்கமின்றி இருப்பதில்லை. பேரண்டம் முழுவதும் பரவியுள்ள நுண்ணலைக் கதிர்வீச்சே போதும்.

3. விண்மீன் சரிந்து உருவாகும் கருந்துளையின் உட்புறம் கெர் தீர்வாக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. வெளிப்புறம் காலப்போக்கில் கெர் வடிவத்தில் அமையும் என்பது உறுதி. உள்ளே சரிந்த விண்மீனின் பொருளே நிறைந்திருக்கிறது. மறுபக்கம் காட்டும் வரைபடத்தின் பகுதி, என்றென்றும் இருந்துவரும் வெற்றிடக் கருந்துளைக்கு உரியது. பிறந்த கருந்துளைக்கு அல்ல.

4. வளையத்தைத் தாண்டிய பகுதியில், கடந்த காலத்துக்கே திரும்பிவரும் பாதைகள் இருப்பதை 1968-இல் பிராண்டன் கார்ட்டர் காட்டினார். இயற்பியலாளர் பலர் இதையே, தீர்வை அங்குவரை நம்பி நீட்டக் கூடாது என்பதற்கான அடையாளமாகக் கொள்கின்றனர்.

இந்நான்கில் இரண்டாவதும் மூன்றாவதுமே என் மதிப்பீட்டில் தீர்மானமானவை. முதலாவது பயணத்தைத்தான் தடுக்கிறது. நான்காவது ஐயத்தை எழுப்புகிறது. இரண்டும் மூன்றும் அந்தக் கதவு இயற்கையில் இல்லை என்றே சொல்கின்றன.

கழுத்து திறந்திருக்க எது தேவை

கருந்துளையை விட்டுவிட்டு நேராகக் கழுத்தை நோக்கலாம். கடக்கத்தக்க புழுத்துளைக்குள் ஓர் ஒளிக்கற்றையை எல்லாப் பக்கங்களிலிருந்தும் உள்நோக்கிச் செலுத்துவதாகக் கொள்வோம். வாயிலிருந்து கழுத்தை நோக்கிப் போகையில் கற்றை குறுகுகிறது. கழுத்தைக் கடந்தபின் விரிகிறது. குறுகிவந்த கதிர்களை விரியச் செய்வது குழிவில்லையின் வேலை. ஆனால் நாம் அறிந்த பொருள் அனைத்தும், விண்மீனோ வாயுவோ ஒளியோ, குவிவில்லையாகவே செயற்படுகின்றன. கதிர்களைக் குவிக்கின்றனவே அன்றி விரிப்பதில்லை. விரிக்க வேண்டுமானால், கதிரின் வழியே அளந்தால் ஆற்றல் அடர்த்தி பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும் பொருள், அதாவது எதிர்ம ஆற்றல், வேண்டும். மோரிஸும் தோர்னும் இதையே தங்கள் நிபந்தனைகளில் தவிர்க்க முடியாததாகக் கண்டனர்.

இங்கே சுழற்சிக்கு ஆதரவாக ஒரு கூர்மையான வாதம் உண்டு. அதை எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. கதிர்களோ துகள்களோ அடங்கிய கற்றை எப்படிக் குவியும், விரியும் என்பதை 1955-இல் அமல்குமார் ராய்சௌதுரி வெளியிட்ட சமன்பாடு விவரிக்கிறது. அதில் பொருளின் ஈர்ப்பும் கற்றையின் உருத்திரிபும் குவிக்கும் பக்கம் நிற்கின்றன. எதிர்ப்பக்கம், விரிக்கும் பக்கம், ஒரே ஓர் உறுப்பு மட்டும் நிற்கிறது: கற்றையின் சுழிப்பு, அதாவது கதிர்கள் ஒன்றையொன்று சுற்றித் திருகும் அளவு. அதாவது சுழற்சி விரிக்கத்தான் செய்கிறது. சுழலும் பொருள் சரிவை எதிர்ப்பதும் இந்த உறுப்பால்தான். அப்படியானால் எதிர்ம ஆற்றலுக்குப் பதிலாகச் சுழற்சியையே வைத்துக் கழுத்தைத் திறந்துவைக்கலாம் அல்லவா?

முடியாது. காரணம் கழுத்தின் வரையறையிலேயே இருக்கிறது. கழுத்து என்பது மிகச் சிறிய பரப்பு கொண்ட மூடிய மேற்பரப்பு. அதன் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் அப்பரப்புக்குச் செங்குத்தாக ஒரே வேளையில் ஒளி புறப்பட்டால் அமையும் கற்றைதான் நம் கணக்குக்கு உரியது. ஒரு பரப்புக்குச் செங்குத்தாகப் புறப்படும் கற்றைக்குச் சுழிப்பு பூஜ்யம் என்பது வடிவியல் உண்மை. சுற்றியுள்ள பொருள் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் இது மாறாது. எனவே சமன்பாட்டில் நமக்கு உதவக்கூடிய ஒரே உறுப்பு, தேவைப்படும் இடத்தில் இல்லாமற்போகிறது. கழுத்து காலத்தோடு மாறிக்கொண்டிருந்தாலும் இந்த முடிவு நிற்கும் என்று 1998-இல் டேவிட் ஹோக்பெர்க்கும் மாட் விஸரும் நிறுவினர். அதே ஆண்டில் எட்வர்ட் டியோ சுழலும் கடக்கத்தக்க புழுத்துளையின் வடிவத்தை வெளிப்படையாக எழுதிக்காட்டினார். அதிலும் எதிர்ம ஆற்றல் தேவைப்பட்டது; சுழற்சியால் கிடைத்த வசதி, சில பாதைகளில் செல்பவர் அப்பொருளைத் தொடாமல் கடந்துபோகலாம் என்பது மட்டுமே.

நிறையைச் சுழற்றும்போது நாம் சேர்ப்பது இயக்க ஆற்றல்; அது எப்போதும் நேர்மம். உச்ச வேகத்தில் சுழலும் கருந்துளையின் நிறையில் 29 விழுக்காடு வரை சுழற்சி ஆற்றலே என்று 1970-இல் டெமெட்ரியோஸ் கிறிஸ்டோடுலு செய்த ஆய்விலிருந்து தெரிகிறது. அவ்வளவும் குவிவில்லையின் பக்கமே சேர்கிறது.

எதிர்ம ஆற்றல் எங்கே, எவ்வளவு

எதிர்ம ஆற்றல் அடர்த்தி கற்பனை அன்று. மிக நெருக்கமாக வைத்த மின்னூட்டமற்ற இரு உலோகத் தகடுகள் ஒன்றையொன்று ஈர்க்கும் என்று 1948-இல் ஹென்ட்ரிக் காசிமிர் கணித்தார். 1997-இல் ஸ்டீவ் லமோரோ அதைத் துல்லியமாக அளந்தார். தகடுகளுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தின் ஆற்றல், சாதாரண வெற்றிடத்தைவிடக் குறைவு.

எவ்வளவு குறைவு என்பதில்தான் சிக்கல். 1 சதுர மீட்டர் பரப்புள்ள இரு தகடுகளை 1 மைக்ரோமீட்டர் இடைவெளியில் வைத்தால், நடுவே உள்ள எதிர்ம ஆற்றல் முழுவதும் ஏறத்தாழ மூன்று ஹைட்ரஜன் அணுக்களின் நிறைக்குச் சமம். தகடுகளின் சொந்த நிறை அதை எத்தனையோ கோடி கோடி மடங்கு விஞ்சி நேர்மத்தின் பக்கம் நிற்கிறது. 1 மீட்டர் அளவுள்ள எளிய கழுத்துக்குத் தேவைப்படும் எதிர்ம நிறையோ வியாழன் கோளின் நிறைக்கு ஒப்பானது. மேலும், எதிர்ம ஆற்றல் எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவு குறுகிய காலமே நீடிக்க முடியும் என்ற குவாண்டம் கட்டுப்பாடுகளை 1990-களில் லாரன்ஸ் ஃபோர்டும் தாமஸ் ரோமனும் வகுத்தனர். சுழலும் எந்திரம் எதுவும் இக்கணக்கில் கை கொடுப்பதில்லை.

உருவாவது தனிச் சிக்கல்

இதுவரை பேசியது கழுத்தைத் திறந்து வைத்திருப்பதைப் பற்றி. துளையே இல்லாத இடத்தில் துளையை உண்டாக்குவது வேறு காரியம். வளைவு என்பது ஒவ்வொரு புள்ளியிலும் அளக்கப்படுவது. இணைப்பு என்பது வெளி முழுவதன் அமைப்பு. வளைவை எவ்வளவு கூட்டினாலும் இணைப்பு தானாக மாறிவிடாது.

1967-இல் ராபர்ட் ஜெரோக், ஒரு வரம்புள்ள பகுதியில் வெளியின் இணைப்பு அமைப்பு மாற வேண்டுமானால், அங்கே கடந்தகாலத்துக்குத் திரும்பும் பாதையோ, ஒருமையோ, காலத்தின் திசையே குழம்பிய நிலையோ இடம்பெற்றாக வேண்டும் என்று நிறுவினார். 1977-இல் ஃபிராங்க் டிப்ளர், ஒருமையின்றி இம்மாற்றம் நிகழவும் நேர்ம ஆற்றல் போதாது என்று காட்டினார். 1993-இல் ஜான் ஃபிரீட்மன், கிறிஸ்டின் ஷ்லைக், டொனால்ட் விட் ஆகியோர், ஆற்றல் நேர்மமாக உள்ள வரை இத்தகைய இணைப்பு எங்காவது இருந்தாலும் வெளியிலிருந்து புறப்பட்ட ஒளி அதைக் கடந்து மீண்டும் வெளியே வர முடியாது என்று நிறுவினர். மூன்று முடிவுகளிலும் சுழற்சிக்கு விதிவிலக்கு எதுவும் இல்லை.

பக்கத்தில் நிற்கும் ஒரு குழப்பம்

சுழலும் நிறைகளைப் பற்றிய செய்திகளில் புழுத்துளையும் காலப்பயணமும் கலந்துவிடுவது வழக்கம். கலப்புக்குக் காரணம் உண்டு. முடிவிலா நீளமுள்ள சுழலும் தூசு உருளையைப் பற்றி வில்லெம் வான் ஸ்டாக்கம் 1937-இல் கண்ட தீர்விலும், பேரண்டமே சுழல்வதாகக் குர்ட் கேடல் 1949-இல் தந்த தீர்விலும், காலம் தன்மீதே மடங்கும் பாதைகள் உள்ளன. உருளையைப் பற்றிய இக்கருத்தை 1974-இல் டிப்ளர் விரித்தெழுதினார். இவை எவற்றிலும் புழுத்துளை இல்லை. சுழற்சி ஒளியின் பாதைகளைச் சாய்த்து அந்த மடிப்பை உண்டாக்குகிறது. இரு இடங்களை இணைப்பதில்லை. உருளை முடிவிலா நீளம் கொண்டிருக்க வேண்டும் என்பது சிறு விவரம் அன்று. வரம்புள்ள கருவியால் இதைச் செய்ய எதிர்ம ஆற்றல் தேவை என்று 1992-இல் ஸ்டீவன் ஹாக்கிங் காட்டினார். வேறு வழியாக வந்தாலும் அதே தடையில்தான் முட்ட வேண்டியிருக்கிறது.

2022 செய்தியைப் பொறுத்தவரை, ஒன்பது குவாண்டம் பிட்களை (குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகுகளை) கொண்டு நடத்தப்பட்ட அச்சோதனை, ஒரு குறிப்பிட்ட கணித மாதிரியில் புழுத்துளைக்கு இணையாகக் கருதப்படும் குவாண்டம் செயல்முறையைப் போலச்செய்தது. ஆய்வகத்தின் காலவெளியில் எதுவும் துளைபடவில்லை. அந்த மாதிரி மிகவும் எளிமைப்படுத்தப்பட்டதால் புழுத்துளை என்று சொல்லும் தகுதியே அதற்கு இல்லை என்ற மறுப்பும் பிற ஆய்வாளர்களிடமிருந்து வந்தது.

சுழற்சிக்கு எஞ்சியிருக்கும் வேலை

சமன்பாடுகளில் முறையாக நிற்கும் ஒரு புழுத்துளையில் சுழற்சிக்கு உண்மையான பங்கு இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. 2018-இல் ஹுவான் மல்டசேனா, அலெக்ஸி மிலேகின், ஃபெடோர் போபோவ் ஆகியோர், காந்த மின்னூட்டம் கொண்ட இரு கருந்துளைகளைக் கழுத்தால் இணைக்கும் தீர்வை வெளியிட்டனர். காந்தப்புலக் கோடுகளின் வழியே புழுத்துளைக்குள்ளும் வெளியேயும் வட்டமிடும் நிறையற்ற மின்னூட்டத் துகள்கள், காசிமிர் தகடுகளுக்கு நடுவே தோன்றுவதைப் போன்ற எதிர்ம ஆற்றலைத் தருகின்றன. கழுத்தைத் திறந்துவைப்பது அதுவே. ஆனால் எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட இரு வாய்களும் ஒன்றையொன்று ஈர்த்து மோதிவிடும் என்பதால், அவற்றை ஒன்றையொன்று சுற்றிவரச் செய்து விலக்கி வைக்கிறார்கள். சுழற்சி இங்கே வாய்களைப் பிரித்து நிறுத்துவதற்கு; திறப்பதற்கு அன்று.

அந்தப் புழுத்துளை குறுக்குவழியும் அன்று. உள்ளே புகுந்து மறுவாய்க்கு வர ஆகும் நேரம், வெளியே நேராகச் செல்ல ஆகும் நேரத்தைவிட அதிகம் என்று வெளியிலிருப்பவர் அளப்பார். நாமறிந்த துகள்களைக் கொண்டே இதை அமைப்பதானால், முழு அமைப்பும் அணுக்கருவைவிட மிகச் சிறியதாக இருக்க வேண்டும். சுற்றிவரும் வாய்கள் கதிர்வீச்சாக ஆற்றலை இழந்துகொண்டே இருப்பதால், அவை சிறிது சிறிதாக நெருங்கி இறுதியில் ஒன்றோடொன்று மோதும்.